நிகழ்த்துகலையில் தொழில்முறை முனைவர் பட்டம்: சேலத்திலிருந்து விண்ணப்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பல ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்துவரும் நான், நாற்பது வயதைக் கடந்த பிறகு இத்தகைய பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். முதல் முறை நிராகரிக்கப்பட்டேன், இரண்டாம் முறை இடம் கிடைத்தது. அதற்குப் பின் நடனம், வாய்ப்பாட்டு, நாடகம், தெருக்கூத்து எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தொழில்முறை முனைவர் பட்டம் என்பது என்ன? பிஎச்.டி.யிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பல ஆண்டுகள் மேடையிலோ கற்பித்தலிலோ தொழில் செய்தவர், அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தம் நிகழ்த்துதலையே ஆய்வின் கருவியாகவும் சான்றாகவும் வைத்து ஆராய்ந்து பெறும் பட்டம் இது. பிஎச்.டி.யில் ஆய்வேடுதான் முதன்மையானது. தொழில்முறைப் பட்டத்திலோ நிகழ்ச்சிகள், ஒளிப்பதிவுகள், பட்டறைகள் ஆகியவற்றோடு அவற்றை விளக்கும் ஓர் எழுத்துரையும் சேர்த்து மதிப்பிடப்படும். எழுத்துரை சற்றுச் சிறியதாக இருக்குமே தவிர, எளியதாக இருக்காது. இங்கிலாந்தின் உயர்கல்வித் தகுதிச் சட்டகத்தில் இவ்விரண்டு பட்டங்களும் ஒரே 8ஆம் நிலையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொரு வழியும் உண்டு. செய்முறை வழி பிஎச்.டி. என்று அதைச் சொல்வார்கள், பெயர் பிஎச்.டி.யாகவே இருக்கும், ஆனால் நிகழ்த்துதலும் ஆய்வேட்டின் பகுதியாக ஏற்கப்படும். நம் ஊர்க் கலைஞர்களில் பலருக்கு இதுவே மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவில் இப்பட்டத்தைப் பெற முடியுமா?

நடைமுறையில் இங்கே முனைவர் பட்டம் என்றால் பிஎச்.டி.தான். ஆகவே தொழில்முறைப் பட்டம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பின்லாந்து போன்ற நாடுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க விரும்புபவர் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்து, நிகழ்த்துதலை ஆய்வின் களமாக அமைத்துக்கொள்ளலாம். அப்போதும் முடிவில் மதிப்பிடப்படுவது ஆய்வேடுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே பிஎச்.டி. சேர்க்கைக்கான விதிகள் என்னென்ன?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த விதிமுறைகளே இன்றைய அடிப்படை. முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பாடப்பணிக்காலத்தையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரையும் உண்டு. குடும்பத்தைக் காரணம் காட்டித் தயங்கும் தோழியரிடம் நான் முதலில் சொல்வது இந்த வரியைத்தான்.

நெறியாளர்களின் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். பணி ஓய்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை ஏற்க இயலாது. கலைத்துறையில் நெறியாளர்களே குறைவு என்பதால், தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே யாரிடம் இடம் காலியாக இருக்கிறது என்று விசாரித்துவிடுவது நல்லது.

நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டுமா?

2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தும் முறை வந்திருக்கிறது. உதவித்தொகைக்கோ உதவிப் பேராசிரியர் பணிக்கோ தேவையான அளவு எட்டாதவரும், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறலாம். அத்தகையோருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கொடுக்கப்படும், அந்தத் தகுதி ஓராண்டுக்குச் செல்லும். இசைக்குத் தனிப் பாடமும், நடனம்-நாடகத்துக்கு நிகழ்த்துகலை என்ற தனிப் பாடமும் உள்ளன. முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. அடவுகள் எனப்படும் அடிப்படை ஆட்ட அசைவுகளின் பெயர்களையும் தாள வகைகளையும் தமிழிலேயே கற்றவர்கள், விடை தெரிந்திருந்தும் வினா புரியாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய வினாத்தாள்களில் வரும் கலைச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பழகினால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

சேலத்திலேயே இதைப் படிக்க இடம் இருக்கிறதா?

1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் நம் ஊரில் இருக்கிறது. தெருக்கூத்து, பொம்மலாட்டம் போன்றவற்றை நாட்டார் வழக்காற்றியல் நோக்கில் ஆராய விரும்பும் தமிழ் முதுகலைப் பட்டதாரிகள் முதலில் அங்குள்ள தமிழ்த் துறையில் விசாரிக்கலாம். ஆனால் இசையையோ நடனத்தையோ அதற்குரிய துறையிலேயே படிக்க விரும்பினால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். சென்னையில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறையும், தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையும் இருக்கின்றன. சேலத்தின் மாவட்ட அரசு இசைப்பள்ளி அடிப்படைப் பயிற்சி தரும் இடம். அங்கே முனைவர் பட்ட ஆய்வு கிடையாது.

கல்லூரி வேலைக்காகத்தான் இந்தப் பட்டம். வாங்கினால் வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாக ஒரு மாற்றுக் கேள்வி கேட்பேன்: நீங்கள் வானொலிக் கலைஞரா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், இசை மற்றும் நிகழ்த்துகலைத் துறைகளில் உதவிப் பேராசிரியராவதற்கு நெட் அல்லது பிஎச்.டி. வழியோடு, கலைஞர்களுக்கென ஒரு தனி வழியையும் வைத்திருக்கின்றன. புகழ்பெற்ற ஆசானிடம் பயின்று, வானொலியிலோ தூர்தர்ஷனிலோ ‘ஏ’ தரம் பெற்று, கலையைத் தர்க்கத்தோடு விளக்கும் திறனும் உள்ளவர் அந்த வழியில் வரலாம். அதற்கு ஒரு படி கீழான ‘பி-ஹை’ தரத்தில் நிற்கும் ஒரு பாடகருக்கு, ஆறு ஆண்டுகளை ஆய்வேட்டில் செலவிடுவதைவிட இரண்டு ஆண்டுகளைத் தரஉயர்வுக்கான சாதகத்தில் செலவிடுவது பயன் தரக்கூடும். வேலை மட்டுமே நோக்கமென்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டில் வாங்கும் பட்டம் இங்கே செல்லுமா?

செய்முறை வழி பிஎச்.டி.யே பலருக்கும் பொருந்தும் என்று முன்பே சொன்னதற்கான காரணம் இங்கேதான் வருகிறது. 2018 விதிமுறைகளின்படி, உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. இருந்தால் நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விதியில் எழுதியிருக்கும் சொல் பிஎச்.டி. என்பதுதான். தொழில்முறைப் பட்டம் அதே நிலையைச் சேர்ந்ததுதான் என்று நீங்கள் எவ்வளவு வாதாடினாலும், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அலுவலர் தம் பட்டியலில் உள்ள சொல்லைத்தான் தேடுவார். திரும்பி வந்து இங்கே பணியாற்றும் எண்ணம் இருந்தால் செய்முறை வழி பிஎச்.டி.யைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. சொந்தப் பள்ளி நடத்துபவருக்கும், அங்கேயே தங்க நினைப்பவருக்கும் இந்தக் கவலை தேவையில்லை.

நான் தெருக்கூத்துக் கலைஞர், பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். எனக்கு வழி உண்டா?

மேச்சேரி, ஓமலூர், எடப்பாடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். வெளிநாட்டுத் தொழில்முறைப் பட்டங்கள் சிலவற்றில், நீண்ட தொழில் அனுபவத்தை முதுகலைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் நடைமுறை உண்டு. ஆனால் அங்கேயும் ஆங்கிலத் தேர்வு, கல்வி எழுத்துப் பயிற்சி ஆகியவை தடையாக நிற்கும். இந்தியாவில் பட்டப்படிப்பு இல்லாமல் பிஎச்.டி.க்கு வழியில்லை. இங்கே படித்தே தீர வேண்டுமென்றால் பத்து, பிளஸ் டூ, இளங்கலை என்று வரிசையாகப் போங்கள். இடையில் ஒன்றைத் தாண்டித் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை.

படிக்காமலே கிடைக்கக்கூடிய ஓர் ஆதரவையும் சொல்ல வேண்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு மாதம் 10,000 ரூபாயும், 40 வயதைக் கடந்தோருக்கு மாதம் 20,000 ரூபாயும் என இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு நல்கை வழங்குகிறது. அதற்கு முனைவர் பட்டப் பதிவு தேவையில்லை. கூத்தில் நாற்பது ஆண்டுகள் வேடம் கட்டிய ஒருவருக்கு இது பட்டத்தைவிடப் பொருத்தமானது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் டி.எம்.ஏ. பட்டத்துக்குக் கர்நாடக இசைக் கலைஞர் விண்ணப்பிக்கலாமா?

டி.எம்.ஏ. (டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ்) என்பது பெரும்பாலும் மேலைச் செவ்வியல் இசையை மையமாகக் கொண்டது. முதலில் ஒளிப்பதிவை அனுப்பித் தேர்வாக வேண்டும், பிறகு நேரில் வாசித்துக் காட்ட வேண்டும், மேலை இசைக் கோட்பாட்டிலும் வரலாற்றிலும் தேர்வு எழுத வேண்டும். சேர்ந்த பின் பல தனிக் கச்சேரிகளும் விரிவுரையோடு கூடிய கச்சேரியும் நடத்த வேண்டும். வயலினில் மேலை முறையையும் கற்றவருக்கு அது சரி; நம் வாய்ப்பாட்டுக்காரருக்குப் பொருந்துவது அரிது. அவர், இசையை அதன் பண்பாட்டோடு சேர்த்து ஆராயும் இனவழி இசையியல் துறையில் பிஎச்.டி. தேடுவது நல்லது. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்தே கர்நாடக இசை கற்பிக்கப்படுகிறது. புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் அங்கே கற்பித்தார், ராக ஆலாபனையை ஆராய்ந்து முனைவர் பட்டமும் அங்கேயே பெற்றார்.

ஆய்வு முன்மொழிவில் என்ன எழுத வேண்டும்?

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இதில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் முதல் முறை அனுப்பிய முன்மொழிவில் என் குருபரம்பரை, அரங்கேற்றம், நடத்திய நிகழ்ச்சிகள், பெற்ற விருதுகள் எல்லாம் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. அதன் பிறகு, பரதநாட்டியத்தின் சிறப்புகளை ஆராயப் போவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நிராகரிப்புக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எனக்குப் பயன்பட்டது: விண்ணப்பதாரருக்கு எது தெரியும் என்பது விளங்குகிறது, எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது விளங்கவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் கழித்துப் படித்தபோது அவர்கள் சொன்னது சரி என்று தோன்றியது.

மேடைக்காரர்களான நமக்குத் தெரியாததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் குறைவு; நிகழ்ச்சிக் குறிப்பில் தெரியாததை யாரும் எழுதுவதில்லை. முன்மொழிவோ அதற்கு நேர்மாறானது. உங்கள் தொழிலில் தினமும் உறுத்துகிற, இதுவரை உங்களுக்கே பதில் கிடைக்காத ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தொழிலில் இல்லாதவருக்கும் புரியும்படி எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘சேலம் மாவட்டத் தெருக்கூத்து: ஓர் ஆய்வு’ என்பது கேள்வியே அல்ல. ஆனால் கூத்து ஆடும் ஓர் இளைஞர் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். ஊர்க் களரியில் மண்தரையில் ஆடும்போது கிறுகி அடிக்கும் சுற்று, நகரத்துச் சிமெண்ட் மேடையில் ஆடினால் பாதியில் நின்றுவிடுகிறது. பாதம் வழுக்குவதால் உடல் தானாகவே சுற்றைச் சுருக்கிக்கொள்கிறது. அதற்கேற்ப மிருதங்கக்காரரும் தீர்மானத்தை, அதாவது தாள முடிப்பை, முன்கூட்டியே வைத்துவிடுகிறார். இரவு பத்து மணி முதல் விடியும் வரை ஆடும் கூத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கும்போது வெட்டப்படுவது கதை மட்டும்தானா, உடலின் பழக்கமும் சேர்ந்து வெட்டப்படுகிறதா என்பது அவருடைய சந்தேகம். நல்ல ஆய்வுக் கேள்வி என்பது இதுதான். இதை ஆடிப் பார்த்துத்தான் ஆராய முடியும். நூலகத்தில் உட்கார்ந்து முடியாது. தொழில்முறைப் பட்டம் எதற்கு என்று தேர்வுக்குழு கேட்கும் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி கிடைத்தபின் மற்றவை சுலபம். அதே பொருளில் ஏற்கெனவே நடந்த ஆய்வுகளை ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தெந்த நிகழ்ச்சியை எப்போது, யாரோடு நடத்துவீர்கள், எப்படிப் பதிவு செய்வீர்கள் என்பதை ஆண்டுவாரியாக எழுதுங்கள். பிறர் எழுத்தை எடுத்து ஒட்ட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

ஒளிப்பதிவு எப்படி இருக்க வேண்டும்?

வெட்டி ஒட்டாத, ஒரே கேமராவில் எடுத்த பத்து நிமிடம், பல கோணங்களில் எடுத்து இசை சேர்த்த அரை மணி நேரத்தைவிட மேல். முழு உடலும் பாதமும் தெரிய வேண்டும். பாதம் தெரியாத நடனப் பதிவை எந்தத் தேர்வாளரும் நம்பமாட்டார். அரங்கேற்றத்து வீடியோவை அனுப்பாதீர்கள், அதில் பாதி நேரம் மாலையும் பொன்னாடையும்தான் இருக்கும்.

பின்னணி அழகாக இருக்கும் என்று ஏற்காட்டுக்குப் போய் எடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. நானும் ஒரு மார்கழிக் காலையில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனேன். பனி மூட்டத்தின் ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. வாசிப்பவர் கல்லும் கட்டையுமாகத் தட்டித் தட்டிச் சேர்த்தார். ஒரு பதம் முடிவதற்குள் மறுபடி இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்து சுருதி நின்றபோது சுற்றுலா வண்டிகளின் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அனுப்பியது, சேலத்தில் என் மாணவி வீட்டு மொட்டை மாடிக்குக் கீழே இருந்த கூடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்த பதிவுதான்.

கூத்தைப் பதிவு செய்பவர் ஜெனரேட்டரிலிருந்து தள்ளி ஒலிவாங்கியை வைக்க வேண்டும். முகவீணையும் ஆர்மோனியமும் ஒன்றையொன்று விழுங்காத இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். கூடுதல் மெமரி கார்டும் கையில் இருக்கட்டும். அதிகாலை மூன்று மணிக்கு, கூத்து உச்சத்துக்கு வரும்போதுதான் போனில் இடம் தீரும்.

பரிந்துரைக் கடிதத்தை என் குருவிடம் வாங்கலாமா? அவருக்கு ஆங்கிலமும் மின்னஞ்சலும் பழக்கமில்லை.

வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கே இணைப்பை அனுப்பும். சில, நிறுவன முகவரி இல்லாத மின்னஞ்சலை ஏற்காது. சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, ஆசான் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தை மொழிபெயர்ப்போடு ஏற்பார்களா என்று கேளுங்கள். இன்னொரு கடிதம் கல்வியாளர் ஒருவரிடமிருந்து இருக்கட்டும். ‘நல்ல பிள்ளை, பணிவானவள், நல்லா வருவா’ என்று எழுதிக் கொடுப்பதே நம் ஆசான்களின் வழக்கம். அதோடு, எந்த ஆண்டில் எந்த உருப்படியை எப்படிக் கற்றீர்கள், எங்கே அவரோடு மாறுபட்டீர்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். மாறுபட்டதை எழுதச் சொல்ல நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தேர்வுக்குழு தேடுவது அதைத்தான்.

சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது, கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. சிக்கல் வருமா?

வரும். விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று நாம் எல்லோரும் ஒருமுறை திகைத்திருப்போம். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிப்பதாக நோட்டரி கையொப்பமிட்ட உறுதிமொழி ஒன்றை இணையுங்கள். மதிப்பெண் விவரச் சான்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

இங்கே படிப்பவர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாயும், பின்னர் முதுநிலையில் 42,000 ரூபாயும் கிடைக்கும். வெளிநாட்டில் படிப்பவருக்கு அந்நாட்டு மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், மரபுவழிக் கைவினைஞர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பலரும் நம்பியிருப்பார்கள். 2022ஆம் ஆண்டு வெளியான அதன் வழிகாட்டு நெறிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி இல்லை என்று சொல்லிவிட்டன. கூத்துக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் கூத்தையே வெளிநாட்டில் ஆராய்வதற்கு அந்தத் திட்டம் உதவாது என்பதே இதன் பொருள். எனக்கு இதில் உடன்பாடில்லை. என்றாலும் விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையைப் படித்துவிட்டே திட்டமிட வேண்டும்.

சேர்வராயன் மலை மக்களின் ஆட்டத்தை ஆய்வுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் யாருடைய கலை என்பதை முதலில் யோசியுங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடி மக்களுக்கு மே மாதத்தில் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா ஒரு வழிபாடு. அங்கே கேமராவோடு நுழைந்து எடுத்ததை உங்கள் மேடையில் ஆடிவிட்டு ஆய்வு என்று சொல்வதை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது. ஊர்ப் பெரியவர்களிடம் தமிழில் எழுதிய ஒப்புதல், ஆடியவர்களுக்கு ஊதியம், பதிவின் ஒரு படியை ஊரிலேயே கொடுப்பது, அவர்கள் வேண்டாம் என்ற பகுதியை நீக்குவது ஆகியவற்றை முன்மொழிவிலேயே எழுதுங்கள். மலைமக்களில் ஒருவரே விண்ணப்பிக்க முன்வந்தால், உங்கள் தலைப்பை மாற்றிக்கொண்டு அவருக்கு உதவுங்கள் என்பேன்.

ஒரு அமைப்பு கௌரவ டாக்டர் பட்டம் தருவதாகச் சொல்கிறது. அது போதாதா?

பணம் கேட்டால் அது விற்பனை. அதை வைத்து எங்கும் விண்ணப்பிக்க முடியாது.

நேர்காணல் இணையவழியில் என்றால் எப்படித் தயாராவது?

இங்கிலாந்து நேரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், கோடையில் நான்கரை மணியும் பின்தங்கியது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நேர்காணல் காலை என்றால் நமக்கு இரவாகிவிடும். மலையில் இருப்பவர்கள் அன்று மழை பெய்தால் மின்சாரம் போகும் என்று கணக்கிட்டு, முதல் நாளே சேலத்துக்கு இறங்கித் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். என் நேர்காணலில் முப்பது நிமிடத்தில் இருபது நிமிடம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போனது: ‘உங்கள் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் தவறு என்று உங்கள் உடலே காட்டினால் என்ன செய்வீர்கள்?’ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஓர் அடவை இரண்டு விதமாகச் செய்துகாட்டி, இரண்டாவது ஏன் எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னேன். ஆகவே அணியும் உடை ஆடுவதற்குத் தோதாக இருக்கட்டும், பின்னால் நான்கடி இடமும் விட்டுவையுங்கள்.